குண்டா, மூணு கத்தரியா?

நம் செட்டு ஆட்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் முடியைப் பற்றித்தான் பேச்சு. யாருக்கு எவ்வளவு கொட்டியது, யார் எந்த எண்ணெய் தடவுகிறார்கள், யார் மருதாணி, யார் டை. நாற்பதைத் தொட்டாயிற்று, வேறென்ன பேசுவது? போன வாரம் நம் பழைய காலனி குரூப்பில் ஒருத்தி தன் நெற்றி மேலே ஏறிப்போன படத்தைப் போட்டு அழுதிருந்தாள். எல்லோரும் ஆறுதல் எழுதினீர்கள். நான் மட்டும் வாயே திறக்கவில்லை, ஏன் என்று கேட்டீர்கள். காரணம் இருக்கிறது. உங்களுக்கெல்லாம் முடி கொட்டுகிறது. எனக்கு எடுத்தார்கள். எடுக்கச் சொன்ன ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னித்தால் உடம்புக்கு நல்லது என்று யோகா வகுப்பில் சொல்கிறார்கள். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த வருஷம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டாயிரம் பிறக்கப்போகிறது, பிறந்த நிமிஷம் உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடும் என்று பெரியவர்கள் பயந்துகொண்டே சந்தோஷப்பட்டார்கள். அதைச் சரிசெய்ய அமெரிக்காவில் ஆள் எடுத்தார்கள், அதனால்தான் சந்தோஷம். ஏ.எஸ்.ராவ் நகரில் வீட்டுக்கு வீடு ஊரிலிருந்து ஒரு மாமாவோ சித்தப்பாவோ பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார்கள். காலையில் அமீர்பேட்டுக்குப் பஸ் ஏறிப்போய் ஏதோ கோர்ஸ் படித்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்து நம் கட்டிலில் படுத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர் அப்பாவின் தம்பி. என் சித்தப்பா.

சித்தப்பாவிடம் சொல்லிக்கொள்ள இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, கோர்ஸ் சர்டிபிகேட். இன்னொன்று, முடி. நெற்றியிலிருந்து அலை அலையாக எழும்பிப் பின்னால் போகும் முடி. பின் பாக்கெட்டில் எப்போதும் ஒரு சீப்பு. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முதல் வேலை அதை எடுப்பதுதான். எங்கள் வீட்டுக் கண்ணாடியின் கீழ்விளிம்பில் தேங்காயெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் பச்சை நிற ஜெல் டியூப் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதன் வாசனை, எலுமிச்சையும் பினாயிலும் கலந்த மாதிரி, இப்போது நினைத்தாலும் என் மூக்கில் ஏறுகிறது.

என்னிடமும் இரண்டு இருந்தன. முதலாவது, தெலுங்கு. அப்பா பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஜினியர். அங்கே இங்கிலீஷ் போதும். அம்மாவுக்குக் காய்கறிக் கடைத் தெலுங்கு வரும், அதற்கு மேல் வராது. வீட்டில் தெலுங்கு எழுத்து படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கேஸ்காரர், பால்காரர், ஆட்டோக்காரர், கோயில் அர்ச்சகர், எல்லோருக்கும் வீட்டுக்கும் நடுவில் நான் நின்று பேசினேன். ஏழாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு அது பெரிய உத்தியோகம். யாராவது வாயைத் திறந்தால் உடனே எல்லோரும் என் பக்கம் திரும்பி, “என்னட்டி சொல்லுதாரு?” என்பார்கள். நான் சொன்னதுதான் அவர்களுக்கு அர்த்தம்.

இரண்டாவது, என் சடை. இடுப்புக்குக் கீழே வரும். ஒரு கைப்பிடிக்குள் அடங்காது. பள்ளி ஆண்டு விழாவுக்கு நாட்டிய டீச்சர் ஆள் பொறுக்கியபோது, பிள்ளைகளையெல்லாம் முதுகைக் காட்டி நிற்கவைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து சடையைத் தூக்கிப் பார்த்தார். புருஷனோடு கோபித்துக்கொண்டு, சடையை முன்னால் போட்டும் பின்னால் வீசியும் மேடை முழுக்க நடக்கும் ராணி வேஷம். “இதிகோ, நா ராணி” என்றார், இதோ என் ராணி என்று. அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை நாள் குளியலறையில் கோபித்துக்கொண்டு நடந்திருப்பேன் தெரியுமா? அம்மா ஊருக்குச் சொல்லிவிட்டு ஒரு குஞ்சலம் வரவழைத்தாள். சிவப்புப் பட்டு நூல், நுனியில் ஜரிகை மொட்டுகள். சடை ஆடினால் மொட்டுகள் ஒன்றோடொன்று இடித்து மெல்லச் சத்தம் கேட்கும்.

விசா இன்டர்வியூ தேதி நெருங்க நெருங்கச் சித்தப்பாவுக்குப் பக்தி முற்றியது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு கோயில். சில்கூரில் விசா கொடுக்கிற சாமி என்று பெயர் வாங்கியவரைச் சுற்றினார். அங்கே முன்னாலும் பின்னாலும் சுற்றியவர்கள் எல்லோரும் அதே அமெரிக்காவுக்குத்தான் போகிறவர்கள். அது போதாது என்று அவர் கோர்ஸ் நண்பர் ஒருவர் யாதகிரிகுட்டாவைச் சொன்னார். அம்மாவுக்கு அந்தப் பெயர் புரியவில்லை.

“ஒரு குட்டையைப் பாக்கவா இம்புட்டு தூரம்?” என்றாள்.

“குட்டை இல்லம்மா, குட்டா. குட்டான்னா மலை” என்று நான்தான் சொன்னேன். அப்படி அந்த மலைக்கும் நானே வழிகாட்டினேன்.

மலை உச்சியில் இப்போது பெரிய கருங்கல் கோயில் எழும்பி நிற்கிறது. நான் சொல்வது அதற்கு முந்தைய இடம். பாறை பாறையாக ஏறிப்போகும் படி, ஒவ்வொரு திருப்பத்திலும் தேங்காய் பிடுங்கும் குரங்குகள், வெயிலில் காய்ந்த பாறையின் சூடு செருப்பில்லாத காலில் ஏறும். பிறகு குகை. தலையைக் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே போனதும் சில்லென்று ஈரம். நெய்ப்புகை பிடித்துக் கறுத்த பாறை, தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில். அந்தப் பாறையிலேயே நரசிம்மர். வெளியே அவ்வளவு வெயில், உள்ளே அவ்வளவு கோபமான சாமி, ஆனாலும் அந்த இடம் குளிர்ந்திருந்தது எனக்குப் பிடித்துப்போயிற்று. அப்பா என் காதோடு இரணியன் கதையைச் சொன்னார். பகலில் சாகக் கூடாது, இரவில் கூடாது, உள்ளே கூடாது, வெளியே கூடாது என்று வார்த்தை பார்த்து வரம் வாங்கியவன். சாமியும் வார்த்தை பார்த்தே வந்தார், அந்திப் பொழுதில், வாசற்படியில்.

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் முணுமுணுத்தார். அர்ச்சகர் நகரச் சொன்னபோதும் நகரவில்லை. என்ன முணுமுணுத்தார் என்று நான் கேட்கவில்லை. தமிழில் முணுமுணுத்ததால் என் வேலை அங்கே இல்லை.

விசா கிடைத்துவிட்டது. சென்னையிலிருந்து போன் வந்தது. அப்பா தெருவுக்கே பூந்தி வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு மறுபடி மலை என்றார்கள். அன்று காலை அம்மா எனக்குத் தலை வாரிய விதம் இப்போது நினைத்தால் புரிகிறது. வாரினாள், பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி வாரினாள். பட்டுப்பாவாடை கட்டிவிட்டாள். விழாவுக்கென்று வைத்திருந்த குஞ்சலத்தை எடுத்துச் சடையில் கட்டினாள்.

“இது ஆன்யுவல் டேக்கு இல்லையா?” என்று கேட்டேன்.

“கோயிலுக்குத்தானட்டி. ஒரு தடவ கட்டிக்க” என்றாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மலைக்குப் போனதும் கோயிலுக்குப் போகாமல் வேறு பக்கம் திரும்பினார்கள். நீளமான ஒரு கட்டடம். வாசலில் தெலுங்கில் போர்டு. என் வேலையை நான் செய்தேன். சத்தமாகப் படித்தேன்: “கல்யாணகட்டா!” படித்ததோடு விட்டேனா? அர்த்தமும் சொன்னேன். “கல்யாண மண்டபம்ப்பா. உள்ள யாருக்கோ கல்யாணம் நடக்குது!”

சித்தப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். “ஆமாட்டி, கல்யாணந்தான். வா வா, சாப்பாடு போடுவாவ” என்றார்.

நான்தான் முதலில் உள்ளே ஓடினேன். நண்பர்களே, இதை மட்டும் என்னால் செரித்துக்கொள்ளவே முடியவில்லை. யாரும் என்னை இழுத்துப் போகவில்லை. பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானே ஓடினேன்.

உள்ளே நனைந்த சிமென்ட் தரை. வரிசையாகச் சவரக் கத்தியோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தரை முழுக்க முடி. ஈர முடிக்கு ஒரு வாசனை உண்டு, டெட்டால் போட்டாலும் போகாது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. தெலுங்கில் மொட்டைக்குக் குண்டு என்று பெயர். அந்த இடத்துக்குக் கல்யாணகட்டா என்று பெயர். இந்த இரண்டாவது பெயரை என் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. சித்தப்பாவுக்கு அவர் நண்பர் சொல்லித் தந்திருந்தார்.

எங்களுக்கு ஒதுக்கிய நாவிதர் வயதானவர், ஒரு பீடியைக் காதில் செருகியிருந்தார். என் சடையைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பெரியவர்களைப் பார்த்துக் கேட்டார்:

“பாபகு குண்டா? மூடு கத்தெரலா?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். “என்னட்டி கேக்குதாரு?”

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. அன்று குகையில் சித்தப்பா சாமிக்கு நேர்ந்துவிட்டது என் முடியை. நாக்கு ஒட்டிக்கொண்டது. இருந்தும் சொன்னேன். “எனக்கு மொட்டையா, மூணு கத்தரியான்னு கேக்குறாரு. பொம்பளைங்களுக்கு நுனில மூணு வெட்டு வெட்டினா போதுமாம் சித்தப்பா. அதுவும் வேண்டுதல்தானாம்.” கடைசி வரியை அவர் சொல்லவில்லை, நானாகச் சேர்த்தேன். ஆனால் அது உண்மை. பக்கத்து வரிசையில் ஓர் அம்மாள் நுனி முடியை மூன்று வெட்டு வெட்டக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டு எழுந்து போனாள். எல்லோரும் பார்த்தோம்.

சித்தப்பா தன் முடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். “வேண்டுதல்ல கஞ்சத்தனம் கூடாதுட்டி. சாமி விசாவ முழுசாத்தான குடுத்திருக்காரு? நம்மளும் முழுசாக் குடுக்கணும்.”

“நீங்கதானே வேண்டிக்கிட்டீங்க? நீங்க குடுங்க!”

“நான் எப்படிட்டி குடுக்க? பாஸ்போர்ட்டுல இருக்க மூஞ்சியும் என் மூஞ்சியும் ஒத்துப்போக வேண்டாமா? ஏர்போர்ட்டுல திருப்பி அனுப்பிருவான். நீ சின்னப்பிள்ள. ஒனக்கு என்ன, நாலு மாசத்துல வளந்துரும். சொல்லு அவருட்ட.”

அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் பின்னால் வந்து குஞ்சலத்தை அவிழ்க்க ஆரம்பித்தாள். ஒரே முடிச்சை அவிழ்த்து, மறுபடி போட்டு, மறுபடி அவிழ்த்தாள். அந்தத் தயக்கத்தை வாயால் ஒரு வார்த்தையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தம்பியின் விசா குடும்பத்துக்கே வந்த விசா என்று அப்பா நினைத்தார், கொழுந்தன் காரியத்தில் குறுக்கே பேசக் கூடாது என்று அம்மா நினைத்தாள். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். நல்லவர்கள் இப்படித்தான் குரங்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

“சொல்லுட்டி” என்றார் சித்தப்பா மறுபடியும்.

நான் நாவிதரைப் பார்த்துச் சொன்னேன். “குண்டு.”

அவர்களுக்குத் தெலுங்கு தெரியாததால் எனக்கான தண்டனையை என் வாயாலேயே சொல்லவைத்தார்கள். தலையில் தண்ணீர் விழுந்தது. கத்தி உச்சியிலிருந்து நெற்றிக்கு வந்தது. நான் அழவில்லை, சித்தப்பாவின் முடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் சிலர் அந்த வகுப்பில்தான் இருந்தீர்கள். “குண்டு பாஸ்” என்று யார் முதலில் கூப்பிட்டது என்று எனக்குத் தெரியும், அவனும் இந்தக் குரூப்பில் இருக்கிறான். நாட்டிய டீச்சர் என் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சவரி வைத்துக் கட்டலாமே என்று கெஞ்சினேன். “பின் குத்தறதுக்கு அடியில கொஞ்சமாவது முடி வேணுமே, கண்ணா” என்றார் தெலுங்கில். ராணி வேஷம் இன்னொருத்திக்குப் போயிற்று. என்னை மேடையைவிட்டு இறக்கவும் மனசில்லாமல் ஒரு வேஷம் கண்டுபிடித்தார். முனிவரின் சிஷ்யன். கமண்டலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், வசனம் கிடையாது. தலை பொருத்தமாக இருந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

சித்தப்பா அபிட்ஸ் கடைத்தெருவுக்குப் போனபோது எனக்கு ஒரு ஹேர்பேண்ட் வாங்கி வந்தார். நீலப் பிளாஸ்டிக், மேலே வெள்ளைப் பூ. “வளந்ததும் போட்டுக்க” என்று சொல்லிவிட்டு என் தலையைத் தடவினார். தடவிய கையை உடனே எடுத்துவிட்டார், குத்தியிருக்கும். அந்த ஹேர்பேண்டை நான் தூக்கி எறியவில்லை. என் பென்சில் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு என்னவோ உறுத்தியிருக்க வேண்டும். ஒரு ஞாயிறு என்னை மட்டும் ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கீசரகுட்டாவுக்குக் கூட்டிப்போனார். நீங்களும் போயிருப்பீர்கள், பள்ளிப் பிக்னிக் எல்லாம் அங்கேதான். எனக்கு அன்றுதான் அந்த மலை கண்ணில் பட்டது. கோயிலைச் சுற்றி, பாறை இடுக்கில், புல்லில், முள்செடி அடியில், எங்கே பார்த்தாலும் சிவலிங்கங்கள். ஒழுங்கு வரிசை எதுவும் கிடையாது. சில சாய்ந்து கிடந்தன. ஒன்றின்மேல் ஆடு ஒன்று முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

“ஏன்ப்பா இப்படிக் கிடக்கு?” என்று கேட்டேன். மொட்டை அடித்த பிறகு அப்பாவிடம் நான் பேசிய முதல் கேள்வி அது.

அப்பா சந்தோஷமாகக் கதையை ஆரம்பித்தார். ராமர் பூஜை செய்ய லிங்கம் கொண்டுவரச் சொல்லி அனுமாரைக் காசிக்கு அனுப்பினார். அனுமார் ஒன்றுக்குப் பலவாகத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் நல்ல நேரம் போய்விடும் என்று ராமர் வேறு லிங்கம் வைத்துப் பூஜையை முடித்துவிட்டார். “நம்ம ராமேஸ்வரத்துக் கதையும் இதான். அங்க வாலால பிடுங்கப் பாத்தாரு. இங்கன கோவத்துல எல்லாத்தையும் மலை முழுக்க வீசிட்டாரு.”

“அப்புறம் அவருக்கு என்ன தண்டனை?”

“தண்டனையா? ராமரே வந்து சமாதானம் சொல்லி, இந்த மலைக்கு அனுமாரோட அப்பா பேரையே வச்சாரு. கேசரிங்கதுதான் கீசரா.” அப்பா என் தோளில் கை வைத்தார். “கோவம் வரும் மக்ளே. ஆனா பெரியவங்க ஒரு காரணத்தோடதான் செய்வாங்க. அத நாம மறந்துரணும்.”

பாவம் அப்பா. ஆறுதல் சொல்லத்தான் அவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்தார். ஆனால் தன் கதையை அவரே சரியாகக் கேட்கவில்லை. அந்த மலையில் யாரும் எதையும் மறக்கவில்லை. கோபத்தில் வீசியது வீசிய இடத்திலேயே கிடந்தது, ஜனங்கள் அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாய்ந்து கிடந்த ஒரு லிங்கத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்து கண்ணை மூடினேன். நானும் தமிழில்தான் முணுமுணுத்தேன். என்ன கேட்டாய் என்று அப்பா கேட்டார். நல்ல மார்க் என்று சொன்னேன்.

நான் கேட்டது சீக்கிரமே கிடைத்தது. விசா வந்த மாப்பிள்ளைக்குப் பெண் தேடத் தேவையிருக்கவில்லை. லோத்குண்டாவில் ராணுவக் குடியிருப்பை ஒட்டி மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து ஜாதகம் வந்தது, பொருந்தியது. திங்கட்கிழமை பெண் பார்க்கப் போவதாக முடிவாயிற்று. முந்தைய நாள் மலைக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்றார் சித்தப்பா. வேண்டிக்கொண்டவன் தன் கணக்குக்கு மூணு கத்தரியாவது கொடுத்துவிட வேண்டும் என்று அந்த நண்பர் சொல்லியிருந்தாராம். “பின்பக்கம் காலர்கிட்ட மூணு வெட்டு. வெளிய தெரியாது” என்று கண்ணாடி முன்னால் நின்று அம்மாவிடம் காட்டினார். ஜெல் தடவியிருந்தார். எனக்கு அப்போது தலையில் அரிசி நீளத்துக்கு முளைத்திருந்தது.

அதே கட்டடம், அதே ஈரத் தரை. இந்தத் தடவை போர்டை நான் படிக்கவில்லை. நாவிதர் வேறு ஆள், இளவயசுக்காரர். வரிசை நீளமாக இருந்ததால் அவசரத்தில் இருந்தார். சித்தப்பா பலகையில் உட்கார்ந்தார். சட்டைக் காலரை மடித்துவிட்டுக்கொண்டார்.

“சாருகு குண்டா? மூடு கத்தெரலா?”

“என்னட்டி, அதையேதான கேக்குதாரு?”

“ஆமா சித்தப்பா. அதையேதான்.”

“மூணு கத்தரின்னு சொல்லு. பின்பக்கம்னும் சொல்லிரு.”

அவர் கையைக் கூப்பிக் கண்ணை மூடித் தலையைக் குனிந்தார். அப்பாவும் அம்மாவும் பின்னால் நின்றார்கள். அந்த ஒரு கணத்தை நான் எப்படி விவரிக்க? குகைக்குள் இருந்த குளிர்ச்சி எனக்குள் வந்த மாதிரி இருந்தது. கோபமே இல்லை. நாக்கு ஒட்டவில்லை. போன தடவை அவர் சொல்லிக் கொடுத்ததைத் தெளிவாகச் சொன்னேன்.

“குண்டு.”

தண்ணீர் விழுந்தபோது தீர்த்தம் என்று நினைத்திருப்பார், இன்னும் நன்றாகக் குனிந்தார். கத்தி உச்சியிலிருந்து நெற்றிவரை ஒரே இழுப்பு. ஜெல் மணக்கும் அந்த அலை, கொத்தாக, அவர் கூப்பிய கைமேல் விழுந்தது. கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். என்னவென்று புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு எழுந்து நின்று அலறினார் பாருங்கள், பக்கத்துக் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது.

“ஏய்! ஏய்! நிறுத்து! மூணு கத்தரிவே! மூணு கத்தரி!”

நாவிதர் பயந்து எழுந்துவிட்டார். “பாப செப்பிந்தி கதா, சார்? குண்டு அனி!” என்று என்னைக் காட்டினார். அதற்கு யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“இவ மாத்திச் சொல்லிட்டாண்ணே! வேணும்னே சொல்லிருக்கா!”

“குண்டுன்னுதானே போன தடவை சொல்லச் சொன்னீங்க, சித்தப்பா?” என்றேன்.

அப்பாவின் கை ஓங்கிக்கொண்டு வந்தது. நான் நகரவில்லை. என் தலைக்கு மேல் வந்த கை அங்கேயே நின்றது. அந்த அரிசி முடியைப் பார்த்தார். கையை மெல்லக் கீழே போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். குரங்கு எதுவும் அன்று இல்லை.

அப்போது அம்மா பேசினாள். சத்தமில்லாமல், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே. “பாதில நிறுத்தக் கூடாது தம்பி. வேண்டுதல்ல கஞ்சத்தனம் கூடாதுல்லா?”

நடுவில் ஒரு ரோடு போட்ட தலையோடு சித்தப்பா அம்மாவையே பார்த்தார். பிறகு பலகையில் திரும்ப உட்கார்ந்தார். அம்மா போன தடவை பேசியிருக்க வேண்டிய வார்த்தை அது. தாமதமாக வந்தாலும் வந்ததே என்று அவளை மட்டும் நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் லோத்குண்டா. பெண் பார்க்கும் படலத்தைத் தள்ளிப்போட முடியாது, டிக்கெட் போட்டாயிற்று. சந்தனம் தடவிய தலையோடு சித்தப்பா சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு தட்டில் மிக்சர் கொடுத்து அவருக்கு எதிரே உட்காரவைத்தார்கள். கல்யாணம் நிற்கப்போவதைப் பார்க்கத் தயாராக இருந்தேன்.

பெண்ணின் அப்பா அவர் தலையை உற்றுப் பார்த்தார். “குட்டாவுலயா தம்பி?”

“ஆமா மாமா.”

“முழுக் குண்டா?” பெரியவர் அசந்துபோய், அந்த ஊர் உருது கலந்த தன் தமிழில் மனைவியிடம் சொன்னார். “பாத்தியா? இந்தக் காலத்துப் பசங்க மூணு கத்தரி குடுத்துட்டு ஓடிருவாங்க. பொண்ணு பாக்கிறதுக்கு மொத நாள் எவனாச்சும் குடுப்பானா? நக்கோ பாபா, வேணாம்னு ஓடுவான். ஹவ், இவன்தான்டி பையன்!”

சித்தப்பா ஒரு நிமிஷம் விழித்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் தலையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், “சாமி கேட்டாரு மாமா. குடுத்துட்டேன்.”

கதவோரம் நின்ற பெண் சிரித்தாள். அவள்தான் என் சித்தி. நான் பறித்த முடியை வைத்து அவர் ஒரு பெண்டாட்டியையே சம்பாதித்துவிட்டார். வாயில் இருந்த மிக்சரை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் முடிந்து அவர் பிளேன் ஏறுவதற்கு முன்னால் என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே அந்த நீல ஹேர்பேண்டை வைத்தேன். வளர்ந்ததும் போட்டுக்கொள்ளட்டும்.

ஏர்போர்ட்டில் அந்த மொட்டையை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு எத்தனை விசேஷம், எத்தனை பந்தி. ஒவ்வொன்றிலும் அந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வருஷத்துக்கு வருஷம் அது வளர்ந்தது. என் முடி அப்படி வளரவில்லை. மொட்டைக்குப் பிறகு மெலிசாக, சுருட்டையாக, தோளோடு நின்றுவிட்டது. நாலு மாசத்துல வளந்துரும் என்றவர் கதையில் நான் கிடையாது, நாவிதர் கிடையாது, கத்தரி கிடையாது. சாமி அவர் கனவில் வந்து கேட்டதாகக்கூட ஒரு தடவை சொன்னார்.

போன மாசியில் அவர் மகள் கல்யாணம். சைனிக்புரி பக்கம் மண்டபம், அமெரிக்காவிலிருந்து பாதி ஜனம். வரவேற்பில் மைக் அவர் கைக்கு வந்தது. தலையில் இப்போது காதோரம் மட்டும் நாலு முடி. “இந்தத் தல முடியெல்லாம் எங்க போச்சுன்னு மாப்பிள்ளை கேட்டாரு,” என்று ஆரம்பித்தார். கூட்டம் சிரித்தது. “சாமிகிட்ட கணக்குப் பாக்கக் கூடாது. வேண்டுதல்ல கஞ்சத்தனமே கூடாது…”

நான் பாயசத்தோடு கடைசி வரிசையில் இருந்தேன். பக்கத்தில் சித்தி, கல்யாண வேலையில் களைத்துப்போய்க் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அதே வார்த்தையை அவர் வாயில் மறுபடி கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று தீர்ந்துபோயிற்று. சித்தி காதருகே குனிந்தேன்.

“சித்தி, அன்னிக்கு அவர் கேட்டது மூணு கத்தரி. குண்டுன்னு நாவிதர்கிட்ட சொன்னது நான்.”

சித்தி திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெலுங்கு தெரியும், கல்யாணகட்டா தெரியும், எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

“நான் அமெரிக்கா போனப்ப அவர் பொட்டியில ஒரு நீலக் கலர் ஹேர்பேண்ட் இருந்துச்சு. வெள்ளப் பூ வச்சது. யாரோடதுன்னு கேட்டதுக்குத் தெரியாதுன்னுட்டார். அதுக்காக ஒரு மாசம் நான் அவரோட பேசல.”

“என்னோடதுதான், சித்தி.”

“கைக்குடி, ஏன்டி சொல்லல இத்தன வருஷம்?”

நான் பதில் சொல்வதற்குள் அவள் எழுந்து நின்றாள். மேடையில் சித்தப்பா, கண்ணை மூடித் தலை குனிந்தபோது சாமியின் கையே தன் உச்சியில் பட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி அத்தனை பேருக்கும் நடுவில் கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். இரண்டு விரல்களைக் கத்தரி மாதிரி விரித்து, அவரை நேராகப் பார்த்துக்கொண்டே வெட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

மைக்கில் குரல் நின்றது. ஒன்றும் புரியாமல் கூட்டம் அவரையே பார்த்தது. சித்தப்பாவின் கண் சித்தியைத் தாண்டி என்னிடம் வந்தது, கை தானாக உச்சந்தலைக்குப் போனது. நான் என் சுருட்டை முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, பரிமாறும் பையனைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொன்னேன்.